ரெண்டே ரெண்டு நல்ல பிட்சரை வெச்சு பேஸ்பால் டோர்னமென்ட்ல எவ்ளோ தூரம் போகலாம், எப்படிப் போகணும்

டீம்ல உருப்படியா பிட்ச் போடுறவன், அதாவது பேட்டருக்குப் பந்து எறியுறவன், ரெண்டே பேரு, மீதி எல்லாம் கிரிக்கெட்ல இருந்து புடிச்சுட்டு வந்த பசங்க. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் பேஸ்பால் ஆடுற ஸ்கூல், காலேஜ் டீம்ல பெரும்பாலும் இதான் நெலம. அந்த ரெண்டு பேரு இருந்தா போதும் கப்பு நமக்குத்தான்னு நெனைக்கிற பி.டி. சாரும் இருக்காங்க, ரெண்டு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு என்னத்த ஆடுறதுன்னு என்ட்ரியே போடாம விடுறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே தப்பு. ரெண்டு பேரை வெச்சு ஃபைனல் ஜெயிக்கலாம், ஆனா அந்த ஃபைனல் வரைக்கும் டீமைக் கொண்டு போய் சேர்க்குறது மூணாவது ஆளும் நாலாவது ஆளும்தான். இதை எப்படி பிளான் பண்றதுன்னு எழுதுறேன், நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், தாண்டிப் போயிடாதீங்க, விஷயமே அந்தக் கணக்குலதான் இருக்கு.

மொதல்ல நீங்க ஆடப்போறது லீக்கா நாக்கவுட்டான்னு பாருங்க. லீக்னா ரெண்டு பேரோட பவர் ரொம்பக் கொறைஞ்சிடும். அமெரிக்காவுல மேஜர் லீக்ல ஒரு டீம் சீசனுக்கு 162 மேட்ச் ஆடுது, வழக்கமா அஞ்சு ஸ்டார்ட்டர் (மேட்ச்சை ஆரம்பிச்சு வெக்கிற பிட்சர்) மொறை போட்டு வருவாங்க, ஒருத்தர் இன்னைக்குப் போட்டா நடுவுல நாலு நாள் ரெஸ்ட், அப்போ ஒரு ஆளுக்கு 32, 33 மேட்ச் வரும். ரெண்டு பேரும் எவ்ளோ பெரிய சூரனா இருந்தாலும் சேர்ந்து 65 மேட்ச் பக்கம்தான் ஸ்டார்ட் பண்ண முடியும், நூத்துக்கு நாப்பது. மீதி அறுபதும் வேற ஆளுங்க கையில. பிளே-ஆஃப் வந்துட்டா கதை மாறிடும், ஏன்னா நடுநடுவுல லீவு நாள் விழும், அந்த ரெண்டு பேரையே திரும்பத் திரும்பக் கொண்டு வரலாம்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 2001 அரிசோனா டைமண்ட்பேக்ஸ். ரேண்டி ஜான்சன், கர்ட் ஷில்லிங்னு ரெண்டு பிட்சர். அந்த சீசன்ல ஷில்லிங் கணக்குல 22 வெற்றி, ஜான்சன் கணக்குல 21, டீம் மொத்தமா ஜெயிச்சது 92. அதாவது அவ்ளோ பெரிய ஆளுங்க ரெண்டு பேரு இருந்தும் 49 வெற்றி மத்தவங்க மூலமா வந்திருக்கு, அது இல்லாட்டி பிளே-ஆஃப் பக்கமே வந்திருக்க முடியாது. அப்புறம் வேர்ல்டு சீரீஸ்ல (மேஜர் லீக்கோட ஃபைனல், ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கணும்) எதிர்ல நியூயார்க் யாங்கீஸ். மொத மேட்ச் ஷில்லிங் 9-1, ரெண்டாவது ஜான்சன் 4-0, மூணாவது மேட்ச்ல வேற ஸ்டார்ட்டர், 2-1ல தோல்வி. நாலாவது மேட்ச்சுக்கு மூணே நாள் ரெஸ்ட்ல ஷில்லிங்கைத் திரும்பக் கொண்டு வந்தாங்க, மனுஷன் ஏழு இன்னிங்ஸ் போட்டு ஒரே ரன் குடுத்தாரு, 3-1 லீடோட கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது வந்தது, எடுக்க வேண்டிய மூணு அவுட்ல ரெண்டு ஆயாச்சு, அப்போ ஷில்லிங்குக்கு அப்புறம் ரிலீஃப்ல வந்திருந்த கிம் போட்ட பந்துல யாங்கீஸோட டினோ மார்ட்டினஸ் ஹோம் ரன், ஸ்கோர் சமம், பத்தாவது இன்னிங்ஸ்ல ஜீட்டர் இன்னொரு ஹோம் ரன், மேட்ச் போச்சு. மறுநாள் அஞ்சாவது மேட்ச், அரிசோனாவோட பட்டிஸ்டா எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு ரன் கூட குடுக்காம போட்டுக் குடுத்தாரு, 2-0 லீடு, திரும்ப ஒன்பதாவது இன்னிங்ஸ், திரும்ப ரெண்டு அவுட், திரும்ப அதே கிம், இந்த தடவை ப்ரோஷியஸ் ஹோம் ரன், பன்னெண்டாவது இன்னிங்ஸ்ல தோல்வி.

ஆறாவது 15-2, ஏழாவது 3-2ன்னு ஜெயிச்சு கப்பு எடுத்துட்டாங்க, ஜான்சனும் ஷில்லிங்கும் சேர்ந்து சீரீஸோட எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்குனாங்க. ஜெயிச்ச நாலு மேட்ச்சும் இந்த ரெண்டு பேரு ஸ்டார்ட் பண்ணது, அதனால எல்லாரும் ரெண்டு பேரு போதும்னு இதைக் காட்டுவாங்க. நான் இதை வேற மாதிரி பாக்குறேன். நாலாவது மேட்ச்சுலயும் அஞ்சாவது மேட்ச்சுலயும் கடைசி ஒரே ஒரு அவுட் எடுக்க ஒரு தெம்பான மூணாவது ஆள் இருந்திருந்தா அந்த சீரீஸ் அஞ்சு மேட்ச்ல முடிஞ்சிருக்கும். ஆள் இல்லாததால ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்து, முந்தின நாள் ராத்திரி ஏழு இன்னிங்ஸ் போட்ட 38 வயசு ஜான்சனை மறுநாளே எட்டாவது இன்னிங்ஸ்ல கூப்பிட்டு போட வெக்க வேண்டியதாப் போச்சு. அதுவும் கடைசி இன்னிங்ஸ்ல 2-1ன்னு பின்னாடி இருந்து எட்டிப் புடிச்சதுதான்.

சரி நம்ம கணக்குக்கு வருவோம். பதினாறு டீம், நாக்கவுட், மூணு நாள்னு வெச்சுக்கங்க. மொத நாள் ஒரு மேட்ச், ரெண்டாவது நாள் குவார்ட்டர், மூணாவது நாள் காலைல செமி, சாயங்காலம் ஃபைனல். ஏழு இன்னிங்ஸ் மேட்ச்னா நாலு மேட்ச்சுக்கு 28 இன்னிங்ஸ் பிட்ச் பண்ணணும். ஒரு இன்னிங்ஸுக்கு 15 பந்துன்னு போட்டா (நம்ம லெவலுக்கு இது நல்ல கணக்கு, வாக், அதாவது நாலு பந்து தப்பாப் போட்டு பேட்டரை சும்மா பேஸுக்கு விடுறது, அதிகம் குடுக்குற டீம்னா 20ஐத் தாண்டிடும்) மொத்தம் 420 பந்து.

இப்போ ஒரு பையன் எவ்ளோ போடலாம்? இதுக்கு மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு அட்டவணை குடுத்திருக்காங்க. 17, 18 வயசுப் பையன் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 105 பந்து. 30 வரைக்கும் போட்டா மறுநாளே போடலாம், 31ல இருந்து 45 வரைக்கும்னா ஒரு நாள் ரெஸ்ட், 60 வரைக்கும்னா ரெண்டு நாள், 80 வரைக்கும்னா மூணு நாள், அதுக்கு மேல போனா நாலு நாள். 15, 16 வயசுன்னா அதிகபட்சமே 95, 13, 14க்கும் 95தான் ஆனா ரெஸ்ட் கணக்கு இன்னும் கறார், 20 பந்தைத் தாண்டுனாலே ஒரு நாள் ரெஸ்ட். இது போக ஒரே நாள்ல ரெண்டு மேட்ச்ல பிட்ச் பண்ணக் கூடாது, தொடர்ந்து மூணு நாள் பிட்ச் பண்ணக் கூடாது, பிட்ச் பண்ணாத நேரத்துல அந்தப் பையனைக் கேட்சரா (பேட்டருக்குப் பின்னாடி பந்து புடிக்கிறவன்) உக்கார வெக்கக் கூடாது. கடைசியா சொன்னதுதான் நம்ம ஊர்ல ரொம்ப மீறுறது, நல்ல கை இருக்குன்னு ரெண்டாவது பிட்சரையே கேட்சர் ஆக்கிடுவாங்க, கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறியுறான், அதுவும் கைக்கு வேலைதானே.

இதை நம்ம மூணு நாள் மேல வெச்சுப் பாருங்க. செமிக்கு ஒருத்தன், ஃபைனலுக்கு ஒருத்தன், ஆளுக்கு ஏழு இன்னிங்ஸ், அது 14. இவங்க மூணாவது நாள் ஃபிரெஷ்ஷா இருக்கணும்னா மொத நாள் ஆளுக்கு 45 பந்துக்கு மேல போடக் கூடாது, அதாவது ஆளுக்கு மூணு இன்னிங்ஸ், அது 6. ரெண்டாவது நாள் ரெண்டு பேருமே தொடக் கூடாது. ஆக மொத்தம் 20 இன்னிங்ஸ். மீதி 8 இன்னிங்ஸ் யாரு போடுறது? எப்படி மாத்திப் போட்டாலும் இந்த எட்டு எட்டாத்தான் நிக்கும், கூடுமே தவிர கொறையாது, அதுல ஏழு இன்னிங்ஸ் குவார்ட்டர் ஃபைனல்ல வருது. அதாவது உங்க ரெண்டு ஹீரோவும் பெஞ்ச்ல உக்காந்திருக்கும்போது ஒரு முழு மேட்ச் ஜெயிச்சாகணும். ஃபிக்சர் கைக்கு வந்த அன்னைக்கே நீங்க உக்காந்து யோசிக்க வேண்டிய மேட்ச் அந்த ரெண்டாவது நாள் மேட்ச்தான், ஃபைனல் இல்ல.

நடைமுறைல என்ன நடக்குதுன்னா மொத நாளே பயந்துபோய் நம்பர் ஒன் பையனை எறக்கி 9-0 லீடுலயும் முழு மேட்ச்சும் போட விட்டுர்றாங்க, குவார்ட்டர்ல நம்பர் டூ முழு மேட்ச், செமில மொத ஆளை மறுபடியும் எறக்குனா கை வரமாட்டேங்குது, ஒரு இன்னிங்ஸ்ல நாலு வாக், அங்கேயே வீட்டுக்கு பஸ் ஏறிட வேண்டியதுதான். ரெண்டு பிட்சர் டீம் அதிகமா செமில தோக்குறதுக்குக் காரணம் இதான். மேட்டூர்ல தண்ணி கம்மியா இருக்குற வருஷம் மொறை வெச்சு விடுற மாதிரி பந்தையும் மொறை வெச்சுத்தான் விடணும், தலைமடைக்காரனே எல்லாத்தையும் பாய்ச்சிக்கிட்டா கடைமடைக்கு ஒண்ணும் வராது.

அதனால மொத நாள் மேட்ச்சை இப்படி ஆடுங்க: மூணாவது பிட்சரை ஸ்டார்ட் பண்ண விடாதீங்க, நம்பர் ஒன்னை ஸ்டார்ட் பண்ணுங்க, மூணு இன்னிங்ஸ்ல எதிராளியை அமுக்கி வெச்சுட்டு, 40 பந்து ஆனவுடனே கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. லீடு நாலு ரன்னுக்கு மேல இருந்தா அஞ்சாவது ஆளை எறக்கிப் பாருங்க, டைட்டா இருந்தா நம்பர் டூக்கு மூணு இன்னிங்ஸ். "சார் இன்னும் ஒரு இன்னிங்ஸ் சார், நல்லா வருது சார்"ன்னு பையன் சொல்லுவான். நல்லா வர்றப்போதான் நிறுத்தணும். ஸ்கோர் எழுதுறவன் பக்கத்துலயே இன்னொரு பையனை உக்கார வெச்சு பந்து எண்ணச் சொல்லுங்க, அவனுக்கு வேற வேலையே குடுக்காதீங்க, அம்பயர் எண்ணுறாரு, கேட்சருக்குத் தெரியும்னு விட்டா எண்ணிக்கை தப்பிடும். வார்ம்-அப்ல போடுற பந்து இந்த அட்டவணைல வராது, ஆனாலும் பதட்டத்துல ஓரமா நின்னு அம்பது பந்து போட்டுட்டு வர்ற பசங்க இருக்காங்க, இருபது, இருபத்தஞ்சுல நிப்பாட்டுங்க.

பந்தை மிச்சம் புடிக்கிறதுக்கு ஸ்ட்ரைக் அவுட் ஆசையை விடணும் (ஸ்ட்ரைக்னா ஸோனுக்குள்ள வர்ற பந்து, இல்லன்னா பேட்டர் சுத்தித் தவறவிட்ட பந்து, மூணு ஆனா அவுட்). ஸ்ட்ரைக் அவுட்டுக்கு கொறைஞ்சது மூணு பந்து, பெரும்பாலும் அஞ்சாறு பந்து ஆயிடும், மொத பந்துலயே கீழ போட்டு தரைல அடிக்க வெச்சா ஒரே பந்துல ஒரு அவுட். மொத பந்து ஸ்ட்ரைக், இதை மட்டும் பிராக்டீஸ்ல திரும்பத் திரும்ப போட வையுங்க. இன்னிங்ஸுக்கு 15 பந்து ஆகுறது 12 ஆச்சுன்னா ஏழு இன்னிங்ஸ்ல 21 பந்து மிச்சம், அது கிட்டத்தட்ட ரெண்டு இன்னிங்ஸ். எதிர் டீமும் நம்ம மாதிரி டென்னிஸ் பால்ல வளர்ந்த பசங்கதான், கீழ வர்ற பந்தைக் கண்டா விட மாட்டாங்க, யார்க்கரைத் தோண்டி அடிச்ச பழக்கம், முட்டி உயரத்துல ஓரமா போட்டா மொத பந்தே சுத்துவாங்க, ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்குற ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போகும். அதே பசங்களுக்கு நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ ஸ்ட்ரைக் ஸோனோட மேல் ஓரத்துல வர்ற வேகப் பந்து பிடிபடாது. ரெண்டையும் மாத்தி மாத்தி போட சொல்லிக் குடுங்க, கர்வ் பாலெல்லாம் அவசரமே இல்ல.

தரைல அடிக்க வெக்கிறோம்னா தரை நல்லா இருக்கணும். நம்ம பக்கம் களிமண்ணு, தண்ணி இல்லாட்டி பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், அந்த வெடிப்புல பட்ட பந்து எங்க எகிறும்னு சொல்ல முடியாது, மூஞ்சில வாங்கிட்டு வர்ற பசங்களப் பார்த்திருக்கேன். சம்பா அறுத்த வயல்ல பிராக்டீஸ் பண்ணலாம்னு பார்த்தா அதுல அறுப்புக்கு முன்னாடியே உளுந்து, பயறு தெளிச்சிருப்பாங்க, அது எடுக்குற வரைக்கும் கால் வெக்க முடியாது, ஆக ஸ்கூல் கிரவுண்டுதான் கதி. இன்ஃபீல்ட் பகுதிக்கு மட்டுமாவது முந்தின நாள் சாயங்காலம் தண்ணி தெளிச்சு, மேல கொஞ்சம் மணல் தூவி, மட்டப்படுத்தி வையுங்க. பந்து சீரா வந்தாத்தான் பசங்க கிளவுஸை கீழ வெக்கத் துணிவாங்க.

ஆனா அதே களிமண்ணு மவுண்டுக்கு, அதாவது பிட்சர் நிக்குற மேட்டுக்கு, வரம். நெறைய டீம் மவுண்டே இல்லாம சமதரைல நின்னு பழகிட்டு டோர்னமென்ட்ல போய் மேட்டுல நின்னவுடனே எல்லா பந்தும் மேல போகுதுன்னு முழிப்பாங்க. மவுண்டு ஒரு வாரத்துல போட்டுடலாம். பிட்சர் நிக்குற ரப்பர்ல இருந்து பேட்டர் பக்கம் இருக்குற ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம், கிரிக்கெட் பிட்ச் 66 அடி, அதனால கிரிக்கெட் பிட்ச் அளவு தெரிஞ்சவன் அதுல அஞ்சரை அடி கொறைச்சு குறி போட்டுக்கலாம். உயரம் 10 அங்குலம், வட்டம் 18 அடி, ரப்பருக்கு முன்னாடி ஆறு அங்குலம் தள்ளி சரிவு ஆரம்பிச்சு, அடிக்கு ஒரு அங்குலம் எறங்கணும். களிமண்ணை ஒரே நாள்ல கொட்டி ஏத்தாதீங்க, ரெண்டு அங்குலம் போட்டு, தண்ணி தெளிச்சு, திமிசுக்கட்டை வெச்சு இடிச்சு, காய விட்டு, அப்புறம் அடுத்த ரெண்டு அங்குலம். காயும்போது வெடிக்கும், அதுக்குத்தான் மேல ஈர சாக்கு இல்லன்னா வைக்கோல் போட்டு மூடி வெக்கிறது. பிட்சரோட முன்கால் வந்து விழுற எடத்துல ரெண்டே இன்னிங்ஸ்ல குழி விழும், கிட்டப் போய் பாருங்க, குதிகால் அளவுக்கு ஆழமா இருக்கும், அதுல கால் வெச்சா முட்டி திரும்பும், முட்டி திரும்புனா அந்த அசைவைத் தோள் ஈடு கட்டப் பார்க்கும். ஒரு வாளி ஈரக் களிமண்ணை பெஞ்ச்சுக்குப் பக்கத்துல வெச்சுக்கங்க, ஒவ்வொரு இன்னிங்ஸ் நடுவுலயும் ஒரு பையன் ஓடிப் போய் அந்தக் குழியை அடைச்சு மிதிச்சுட்டு வரணும்.

இப்போ அந்த எட்டு இன்னிங்ஸுக்கு ஆள் தேடுறது. வேகமா பௌலிங் போடுறவனை மட்டும் பார்க்காதீங்க, கிரிக்கெட் பௌலிங் கையை நீட்டிப் போடுறது, இது எறியுறது, ரெண்டும் வேற. பவுண்டரி லைன்ல நின்னு கீப்பர் கைக்கு தட்டையா, ஒரு தடவை கூட தரைல குத்தாம த்ரோ அடிக்கிறான் பாருங்க, அவன்தான் நமக்கு வேணும். ஈட்டி எறியுற பசங்களையும் பாருங்க, 2008ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ஒப்பந்தம் போட்ட ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்த உத்தரப் பிரதேச பசங்க, அதுக்கு முன்னாடி அவங்க பேஸ்பால் ஆடுனதே இல்ல. ஆனா மூணாவது பிட்சருக்கு வேகத்தைவிட முக்கியம் ஸ்ட்ரைக். மெதுவா போட்டாலும் பத்துல ஆறு பந்து ஸோன்ல போடுறவன், அடி வாங்குனா மூஞ்சி தொங்காதவன், அவனைப் புடிங்க. உங்க நம்பர் ஒன், நம்பர் டூ பையன் வேகமா போடுற ஆளுன்னா மூணாவது ஆள் மெதுவா போடுறவனா இருக்கறது இன்னும் நல்லது, வேகத்துக்குப் பழகுன பேட்டர் முன்னாடியே சுத்திட்டுப் போவான்.

இந்தப் பையனுக்கு டோர்னமென்ட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிடணும், "தம்பி, ரெண்டாவது நாள் மேட்ச் உன்னோடது"ன்னு. கடைசி நிமிஷத்துல கூப்பிட்டா கை நடுங்கும். பிராக்டீஸ் மேட்ச்ல பாதிக்குப் பாதி அவனையே ஸ்டார்ட் பண்ண விடுங்க, நம்பர் ஒன், நம்பர் டூ ரெண்டு பேரையும் ஃபீல்டுல நிக்க வையுங்க, தோத்தா தோத்துட்டுப் போகட்டும். 1965 வேர்ல்டு சீரீஸை எடுத்துக்கங்க, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்ல சாண்டி கோஃபேக்ஸ், டான் டிரைஸ்டேல்னு ரெண்டு பேரு, அந்த சீசன்ல 26, 23ன்னு வெற்றி. மொத மேட்ச் அன்னைக்கு யோம் கிப்பூர், யூதர்களுக்கு ரொம்பப் புனிதமான நாள், கோஃபேக்ஸ் யூதர், அதனால அவரு அன்னைக்கு ஆடல, டிரைஸ்டேல் போட்டு தோத்தாரு, ரெண்டாவது மேட்ச் கோஃபேக்ஸ் போட்டு அதுவும் தோல்வி. ரெண்டு பெரிய தலையும் தோத்துட்டு 0-2ன்னு நிக்கும்போது மூணாவது மேட்ச்ல கிளாட் ஆஸ்டீன் வந்து எதிர் டீமான மின்னசோட்டாவுக்கு ஒரு ரன் கூட குடுக்காம 4-0ன்னு ஜெயிச்சுக் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் டிரைஸ்டேலும் கோஃபேக்ஸும் திரும்ப வந்து நாலு, அஞ்சு ஜெயிச்சு, கடைசில ரெண்டே நாள் ரெஸ்ட்ல கோஃபேக்ஸ் ஏழாவது மேட்ச்சை 2-0ன்னு முடிச்சாரு. எல்லாரும் கோஃபேக்ஸைப் பேசுறாங்க, எனக்கு அந்த சீரீஸ்னா ஆஸ்டீன்தான். அதே கோஃபேக்ஸ் அடுத்த வருஷம் 27 ஜெயிச்சுட்டு, முழங்கை மூட்டு தேஞ்சு போய் 30 வயசுலயே ரிட்டயர்டு ஆனாரு, அவ்ளோ இன்னிங்ஸ் அந்தக் கையால போட்டிருக்காரு.

நம்ம பசங்க கைக்கு மேட்ச் பந்து மட்டும் வேலை இல்ல, இதை யாருமே கணக்குல எடுத்துக்கறதில்ல. ஞாயித்துக்கிழமையானா ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட், நல்ல கைங்கறதால அங்கயும் இவனைத்தான் பௌலிங் போடச் சொல்வாங்க, பவுண்டரில நிக்க வெச்சு நாள் முழுக்க த்ரோ அடிக்க வெப்பாங்க. டென்னிஸ் பந்து 58 கிராம் பக்கம், பேஸ்பால் 142ல இருந்து 149 கிராம் வரைக்கும், ரெண்டரை மடங்கு, மாத்தி மாத்தி எறிஞ்சா தோளுக்கு அளவே பிடிபடாது. அறுவடை சமயம்னா வீட்டு வேலை வேற, நெல்லு கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டையை ஏத்தி எறக்கிட்டு சாயங்காலம் பிராக்டீஸுக்கு வர்றான், கேட்டா ஒண்ணும் இல்ல சார்ங்கிறான். வீட்டு வேலையை செய்யாதன்னு நாம சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, ஆனா அன்னைக்கு அவனை மவுண்டுல ஏத்தாம இருக்கலாம். பிராக்டீஸுக்கு வந்தவுடனே ஒவ்வொரு பிட்சர்கிட்டயும் "நேத்து என்ன வேலை பார்த்த"ன்னு கேக்குற பழக்கம் வெச்சுக்கங்க. "கை வலிக்குதா"ன்னு கேட்டா பதில் வராது, என்ன வேலைன்னு கேட்டா வரும்.

மேட்ச் நடுவுல கை போயிடுச்சான்னு வாயைப் பார்க்காதீங்க, முழங்கையைப் பாருங்க. தோள் மட்டத்துல இருந்த முழங்கை கொஞ்சம் கீழ எறங்கும், பந்து எல்லாம் உயரமா போக ஆரம்பிக்கும், ரெண்டு பந்துக்கு நடுவுல நேரம் எடுப்பான், கையை உதறுவான். இதுல ரெண்டு தெரிஞ்சாலே மாத்திடுங்க, பந்து எண்ணிக்கை 35லயே இருந்தாலும் சரி.

மழையைப் பத்தி ஒண்ணு. 1948ல பாஸ்டன் பிரேவ்ஸ் டீம்ல ஜானி செயின், வாரன் ஸ்பான்னு ரெண்டு பேரு, ஸ்பானும் செயினும் போட்டதுக்கு அப்புறம் மழை வரணும்னு வேண்டிக்கங்கன்னு அங்க ஒரு பேச்சே இருந்துச்சு, ஏன்னா மழை பெஞ்சா மேட்ச் தள்ளிப் போகும், திரும்ப அதே ரெண்டு பேரு வரலாம். ஆனா அந்த வருஷக் கணக்கைப் பார்த்தா செயின் 24, ஸ்பான் 15, டீம் மொத்தம் 91, பாதிக்கு மேல மத்தவங்கதான் ஜெயிச்சுக் குடுத்திருக்காங்க, வாய்செல் 13, பிக்ஃபோர்டு 11னு. வேர்ல்டு சீரீஸ்ல கிளீவ்லண்ட் கிட்ட 4-2ன்னு தோத்தாங்க. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகைல டோர்னமென்ட் வெச்சா வேண்டிக்காமலே மழை வரும். மழையால ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா உடனே அட்டவணையைத் திரும்ப எடுத்துப் போடுங்க, மொத நாள் 45 போட்டவன் 60 வரைக்கும் போட்டிருக்கலாமேங்கிற மாதிரி நெறைய மாறும். மேட்ச் நடுவுல மழை வந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆட்டம் நின்னுச்சுன்னா போட்டுக்கிட்டு இருந்தவனைத் திரும்ப எறக்காதீங்க, கை சில்லுன்னு ஆயிருக்கும், புது ஆளை விடுங்க.

கடைசி நாள். செமிக்கு யாரு, ஃபைனலுக்கு யாரு? நெறைய பேரு நம்பர் ஒன்னை ஃபைனலுக்கு ஒளிச்சு வெப்பாங்க. நான் செமிக்கு நம்பர் ஒன்தான் போடுவேன், செமி தோத்தா ஃபைனலே கெடையாது, அதுவும் போக காலைல வெயில் ஏர்றதுக்கு முன்னாடி அவன் போட்டு முடிச்சிடலாம். ஆனா லீடு பெருசா வந்துட்டா அவனை உடனே மாத்திடணும். 2001ல ஆறாவது மேட்ச்ல அரிசோனா நாலு இன்னிங்ஸ் முடியுறப்பவே 15-0, அப்பவும் ஜான்சனை ஏழு இன்னிங்ஸ் வரைக்கும் போட விட்டாங்க, மறுநாள் அவரே திரும்ப வர வேண்டியிருந்தது, அவரு கை தாங்குச்சு. பதினேழு வயசுப் பையன் கையை அந்த மாதிரி நம்பிடாதீங்க. செமில போட்டவன் ஃபைனல்ல பிட்ச் பண்ணவே கூடாது, ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கட்டும், அங்க த்ரோ கம்மி. ஃபைனல்ல நம்பர் டூ ஸ்டார்ட் பண்ணி 85, 90 பந்துல மூச்சு வாங்குனா, கடைசி ஒண்ணு ரெண்டு இன்னிங்ஸுக்கு ஒரு ஆள் வேணும், அதுக்கு குவார்ட்டர்ல 30 பந்துக்குள்ள போட்ட நாலாவது பையனை மனசுல வெச்சுக்கங்க, அட்டவணைப்படி அவன் மறுநாளே போடலாம். மொத நாளும் அவனைப் போட வெச்சிருந்தா இந்த வழி அடைஞ்சிடும், மூணு நாள் தொடர்ச்சி ஆயிடும், அதனால மொத நாள் டெஸ்ட் பண்ண வேற பையன் இருக்கணும். ஆக ஒரு டீம்ல கொறைஞ்சது அஞ்சு பேரு ஸ்ட்ரைக் போடத் தெரிஞ்சவங்க இருக்கணும், ஜூன்ல ஸ்கூல் தொறந்தவுடனே அந்த அஞ்சு பேரை எடுத்துடுங்க.

டோர்னமென்ட் முடிஞ்சு ஊருக்கு வந்த வாரம் ஊர்ல மேட்ச் இருக்குன்னு யாராவது ஒரு அண்ணன் வண்டி எடுத்துக்கிட்டு பிட்சர் வீட்டு வாசலுக்கு வருவாரு. கடைசி நாள் 80க்கு மேல போட்டவன் நாலு நாளைக்கு பந்தே தொடக் கூடாது, பையனால அந்த அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியாது, நீங்களே முன்கூட்டி போன் போட்டு "அண்ணே, இந்த ஞாயிறு அவனை விட்டுடுங்கண்ணே, அடுத்த வாரம் அனுப்புறேன்"னு சொல்லிடுங்க.